விமானம் மேலே இருந்தால் ரேடியோ... கீழே வந்துவிட்டால் செல்போன்தானா?

புதுக்கோட்டை:

பஸ், லாரி, டூவீலர் என்று எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும் திருச்சி–புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலை. 2025 நவம்பர் 13-ந்தேதி பட்டப்பகலில், நார்த்தாமலை பக்கம் அம்மாச்சத்திரத்தில் அந்த ரோட்டில் ஒரு விமானமே வந்து இறங்கியது. சேலத்தில் இருந்து கிளம்பிய பயிற்சி விமானம். செஸ்னா 172 ரகம். உள்ளே இருந்த 2 பேரும் உயிர் தப்பினார்கள். கீரனூர் பக்கம் இருந்தெல்லாம் ஜனங்கள் ஓடிவந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அதற்கு 13 மாதம் முன்பு இன்னொரு கூத்து. 2024 அக்டோபர் 11-ந்தேதி மாலை 5.40 மணிக்கு திருச்சியில் இருந்து சார்ஜாவுக்கு கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 141 பயணிகளோடு திருச்சி–புதுக்கோட்டை வானத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்தது. இரவு 8.15 மணி வாக்கில் பத்திரமாக தரை இறங்கும்வரை மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் நம்ம மாவட்டத்தில் எத்தனையோ பேர். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு இங்கே குறைவு. அந்த விமானத்தில் நம்ம வீட்டுப் பிள்ளை இருக்கானோ என்ற பதைப்பு எல்லோருக்கும் இருந்தது.

இரண்டு சம்பவத்திலும் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதனால் இரண்டு நாள் டீக்கடைப் பேச்சோடு விஷயம் முடிந்துபோனது. 'மேலே இருந்தவரு கீழே எப்படிங்க பேசுனாரு?' என்று கேட்டவர்கள் உண்டு. 'கீழே இருக்கிறவங்க தங்களுக்குள்ளே எப்படி பேசிக்கிட்டாங்க?' என்று கேட்டவர்கள் அதிகம் இல்லை. உண்மையில் கேட்க வேண்டியது அந்த இரண்டாவது கேள்வியைத்தான்.

மைக்கில் போகும் பேச்சு

முதல் கேள்விக்கு பதில் சுலபம். விமானி பேசுவது வி.எச்.எப். ரேடியோவில். 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள அலைவரிசை உலகம் முழுக்க இதற்கென்று ஒதுக்கப்பட்டது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களுக்கு இது புது விஷயம் இல்லை. கடலில் அவசரத்துக்கு 16-ம் சேனல் இருப்பது போல, வானத்தில் அவசரத்துக்கு 121.5 மெகாஹெர்ட்ஸ். பெரிய விமானங்களில் விமானிகள் ஒரு ரேடியோவில் கட்டுப்பாட்டு அறையோடு பேசிக்கொண்டே, இன்னொன்றை இந்த அலைவரிசையில் திறந்துவைத்து காது கொடுத்துக்கொண்டே போவார்கள்.

எப்.எம். ரேடியோவில் பாட்டு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது! விமானத்துக்கு மட்டும் ஏன் இன்னமும் கரகர என்று இரைச்சல் வரும் பழைய ஏ.எம். முறை என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. எப்.எம்.மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான சிக்னல் மற்றதை முழுங்கிவிடும். பலவீனமான குரல் கூப்பிட்டதே யாருக்கும் தெரியாது. ஏ.எம்.மில் அப்படி இல்லை. கீச்சென்று ஒரு சத்தமாவது வரும். 'இன்னொருத்தரும் கூப்பிடுறாரு' என்று தெரிந்துவிடும்.

ஆனால் அந்தக் கீச்சு சத்தமே எமனானதும் உண்டு. 1977 மார்ச் 27-ந்தேதி ஸ்பெயின் நாட்டு டெனெரிஃப் தீவில் பனிமூட்டத்தில் 2 ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்' என்று ஒரு விமானம் சொன்னதும், கட்டுப்பாட்டு அறை பேசியதும் ஒரே நொடியில் விழுந்தன. புறப்பட்டுக்கொண்டிருந்த விமானத்தில் அது கீச்சொலியாகவே கேட்டது.

இந்த ரேடியோவுக்கு ஒரு பலவீனம் உண்டு. நேர்கோட்டில்தான் போகும். விமானம் 30 ஆயிரம் அடி உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 390 கிலோமீட்டர் வரை பேசலாம். ஆயிரம் அடிக்கு இறங்கினால் 70 கிலோமீட்டர் சொச்சம். தரையில் வந்து நின்றுவிட்டால்? குறுக்கே ஒரு குன்று இருந்தாலே போச்சு. நார்த்தாமலையில் குன்றுக்கா பஞ்சம்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆபத்தில் இருக்கும் விமானம் மேலே இருக்கும்வரை ரேடியோ பலமாக இருக்கிறது. அது கீழே இறங்க இறங்க தொடர்பு சுருங்குகிறது. நம்ம ஊர் மண்ணைத் தொட்டதும், உதவி ரொம்பத் தேவைப்படுகிற அந்த நிமிஷத்தில், பேச்சு செல்போனுக்கு வந்துவிடுகிறது.

ஒன்று போனால் இன்னொன்று

விமான நிலையத்துக்குள்ளே ஏற்பாடு பலமானதுதான். குறை சொல்ல முடியாது. திருச்சி விமான நிலையம் ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி ஆப் இந்தியா என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 1995 ஏப்ரல் 1-ந்தேதி உருவானது அது. கட்டுப்பாட்டு அறையில் பேசும் அதிகாரியைத்தான் எல்லோருக்கும் தெரியும். அவர் மைக்கை அழுத்தினால் குரல் போக வேண்டுமே, அதைப் பார்த்துக்கொள்ள தனிப் பிரிவே இருக்கிறது. தகவல் தொடர்பு, வழிகாட்டும் கருவி, கண்காணிப்பு ஆகிய மூன்றையும் கவனிக்கும் எலக்ட்ரானிக்ஸ் என்ஜினீயர்கள் அவர்கள்.

இவர்கள் ஷிப்ட் முறையில் ராத்திரி பகல் பார்க்காமல் இருக்கிறார்கள். முக்கியமான கருவி எல்லாம் ஜோடியாக இருக்கும். ஒன்று நின்றால் மற்றது தானாக எடுத்துக்கொள்ளும். கரண்ட் போனால் பேட்டரி, பின்னால் ஜெனரேட்டர். பேசியது எல்லாம் பதிவாகும். குறைந்தது 30 நாள் அதை அழிக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. ரேடியோவே மொத்தமாகப் போனாலும் வழி உண்டு. விமானி 7600 என்ற எண்ணைப் போட்டால் 'எனக்கு ரேடியோ போச்சு' என்று ரேடாரில் தெரியும். கட்டுப்பாட்டு கோபுரத்தில் இருந்து விளக்கு காட்டுவார்கள். பச்சை விளக்கு அணையாமல் எரிந்தால் இறங்கலாம். சிவப்பு என்றால் சுற்றிக்கொண்டே இரு. ரயில்வே கார்டு கொடி காட்டுகிற மாதிரிதான்.

2024-ல் அந்த விமானம் வட்டமடித்தபோது நடந்ததும் இதுதான். அந்த ரக விமானத்தில் எரிபொருளை வானத்தில் கொட்டிவிட வசதி கிடையாது. எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். அந்த 2 மணி நேரமும் ரேடியோ தொடர்பு அறுபடவில்லை. கீழே தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாம் வரிசை கட்டி நிற்க நேரம் இருந்தது. இறங்கப்போகும் இடமும் முன்கூட்டியே தெரியும். திருச்சி ஓடுபாதை. அம்மாச்சத்திரத்தில் இந்த இரண்டும் இல்லை.

ஆண்டெனாவை இடித்த இரவு

இதே திருச்சியில் 2018 அக்டோபர் 12-ந்தேதி அதிகாலை 1.20 மணி வாக்கில் நடந்ததும் ஞாபகம் இருக்கும். துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், பயணிகள் 130 பேர், ஊழியர்கள் 6 பேருடன் மேலே எழும்போதே சுற்றுச்சுவரையும், 'லோக்கலைசர்' ஆண்டெனாவையும் இடித்துக்கொண்டு போனது. 'சுவரில் உரசியிருக்கலாம்' என்று கீழே இருந்து ரேடியோவில் சொன்னார்கள். 'எல்லாம் நார்மல்' என்று மேலே இருந்து பதில். கடலுக்கு மேல் போன பிறகுதான் மும்பைக்கு திருப்பினார்கள். காலை 5.30 மணிக்கு மேல் இறங்கிய பிறகு வயிற்றுப் பகுதி கிழிந்து கிடந்ததைப் பார்த்து எல்லோருக்கும் மூச்சே நின்றுபோனது.

உடைந்த சுவர் போட்டோ எல்லா பேப்பரிலும் வந்தது. உடைந்த ஆண்டெனாவைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. மேகமூட்டத்தில் ஓடுபாதையின் நடுக்கோடு எது என்று விமானிக்குக் காட்டும் ரேடியோ சிக்னல் அதிலிருந்துதான் வருகிறது. அந்தக் கருவியின் குணம் விசித்திரமானது. சிக்னல் கொஞ்சம் கோணலாகப் போனாலும் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். தப்பான வழி காட்டுவதைவிட காட்டாமல் இருப்பது மேல் என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். பெரிய ரிப்பேர் செய்தால், அதற்கென உள்ள தனி விமானம் பறந்து அளந்து பார்த்து சரி என்று சொன்னால்தான் மறுபடி பயன்படுத்த முடியும்.

இந்த ரிப்பேர் வேலை ஓடுபாதையின் ஓரத்திலும் முனையிலும் நடக்கிறது. ஒரு பக்கம் ஸ்பேனர் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் கையில் இருக்கும் வாக்கி-டாக்கியில் காது வைத்திருக்க வேண்டும். 'விமானம் வருது, விலகு' என்று சொன்னால் உடனே விலக வேண்டும். அந்த வாக்கி-டாக்கி சார்ஜ் இல்லாமல் நின்றால் அந்த ஆள் உயிரும் போகும், விமானமும் ஆபத்தில் மாட்டும். விமானியின் ரேடியோவைப் பற்றி சினிமாவே எடுத்திருக்கிறார்கள். இந்த வாக்கி-டாக்கியைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அமெரிக்காக்காரன் என்ன செய்கிறான்?

அங்கே விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பு எப்.ஏ.ஏ. தன் பராமரிப்பு ஆட்களுக்கும் அவசர காலத்துக்கும் என்றே தனியாக ஒரு ரேடியோ அமைப்பு வைத்திருக்கிறது. விமானியோடு பேசுவதற்கு இல்லை. தன் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள. பக்கத்து ஊர் வரைக்கும் வி.எச்.எப்., நாட்டின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு எச்.எப். இந்த எச்.எப். அலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வரும். நடுவில் டவர் தேவையில்லை, கேபிள் தேவையில்லை. புயலோ பூகம்பமோ வந்து போன் எல்லாம் செத்துப்போனாலும் 'எந்த ஊரில் எந்தக் கருவி உயிரோடு இருக்கு?' என்று கேட்க முடியும்.

வீண் செலவு என்று நினைத்தால் 2014 செப்டம்பர் 26-ந்தேதியைப் பார்க்க வேண்டும். சிகாகோ அருகே அரோராவில் உள்ள கட்டுப்பாட்டு மையத்தில் ஒப்பந்த ஊழியர் ஒருவரே தகவல் தொடர்பு கேபிள்களுக்கு தீ வைத்துவிட்டார். முதல் நாளே ஏறக்குறைய 2 ஆயிரம் விமானங்கள் ரத்து. பழையபடி ஓட அக்டோபர் 13 ஆனது. அதே அமெரிக்காவில் 2025 ஏப்ரல் 28-ந்தேதி நியூவார்க் விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கவனித்தவர்களுக்கு ரேடாரும் ரேடியோவும் சிறிது நேரம் அற்றுப்போயின. காசு இருக்கும் நாட்டிலேயே இந்தக் கதி.

நம்ம டெல்லியிலும் 2025 நவம்பர் 7-ந்தேதி விமான நிலையத்தின் செய்தி பரிமாற்ற கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டதில் 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதம். விமானங்களின் பயண விவரத்தை எல்லாம் ஆட்கள் கையால் எழுதித்தான் ஓட்டினார்கள்.

சுவருக்கு வெளியே

இனி நம்ம கதைக்கு வருவோம். 2025 ஜூன் 12-ந்தேதி ஆமதாபாத். லண்டன் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் விழுந்து, விமானத்தில் 241 பேர், தரையில் 19 பேர் என்று 260 உயிர் போனது. விசாரணை அமைப்பின் முதல்கட்ட அறிக்கையை நிதானமாகப் படித்தால் நேரக்கணக்கு தெரியும். பகல் 1 மணி 38 நிமிடம் 5-வது நொடியில் விமானி 'மேடே' என்று ரேடியோவில் கூப்பிட்டார். 11-வது நொடியில் விமானத்தின் பதிவுக் கருவி நின்றது. கட்டுப்பாட்டு அதிகாரி திருப்பி அழைத்தார். பதில் இல்லை. விமானம் விழுவதை கண்ணாலேயே பார்த்தார்.

விமான நிலைய தீயணைப்பு வண்டி சுவரைத் தாண்டி வெளியே கிளம்பிய நேரம் 1 மணி 44 நிமிடம் 44 நொடி. ஆறரை நிமிடம். அது ஊருக்குள் இருக்கும் விமான நிலையம். விழுந்த இடமும் கண்ணுக்கு எதிரே. விராலிமலை பக்கமோ, அன்னவாசல் பக்கமோ, ராத்திரியில், மழையில் ஒரு விமானம் இறங்கினால் கணக்கு என்ன ஆகும்?

அறிக்கையில் இன்னொரு வரியும் உண்டு. விமானத்தில் இருந்த அவசர சிக்னல் கருவி இயங்கவே இல்லை. விமானம் மோதினால் தானாகவே 406 மெகாஹெர்ட்ஸில் கத்த வேண்டிய கருவி அது. அந்த சிக்னலை இன்சாட்-3டிஆர் போன்ற செயற்கைக்கோள்கள் பிடித்து, பெங்களூருவில் இஸ்ரோ மையத்துக்கு அனுப்பும். அங்கிருந்து தகவல் சென்னை போன்ற இடங்களில் உள்ள மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போகும். கீரனூர் பக்கம் விழுந்த விமானத்தின் சிக்னல் 36 ஆயிரம் கிலோமீட்டர் மேலே போய், பெங்களூரு போய், சென்னை போய், கடைசியில் கீரனூருக்கு வர ஒருவர் போன் எடுத்து டயல் செய்ய வேண்டும். விண்வெளி வரை போன தொழில்நுட்பம் கடைசி 10 கிலோமீட்டருக்கு செல்போன் டவரை நம்பி நிற்கிறது.

அந்த டவரை எவ்வளவு நம்பலாம் என்று புதுக்கோட்டைக்காரர்களிடம் கேட்க வேண்டாம். 2018 நவம்பர் 16-ந்தேதி கஜா புயல் கரை கடந்த இரவை யார் மறப்பார்கள்? கரண்ட் கம்பம் வரிசையாக சாய்ந்தது. செல்போன் ஊமையானது. பக்கத்து ஊரில் அண்ணன் தம்பி உயிரோடு இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள, விழுந்த மரங்களைத் தாண்டி நடந்தே போனார்கள். பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. கஜாவில் கடைசி வரை பேசியது போலீஸ் வயர்லெஸ் மாதிரியான ரேடியோக்கள்தான்.

அதிலும் ஒரு சிக்கல். போலீசுக்கு ஒரு அலைவரிசை. விமான நிலைய வாக்கி-டாக்கிக்கு வேறு. தீயணைப்புக்கு வேறு. 108 ஆம்புலன்ஸ் ஓடுவது செல்போனில். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. நாலு பேர் நாலு மைக்கோடு ஒரே வயக்காட்டில் நின்றாலும், ஒருவருக்கொருவர் சொல்ல கத்தத்தான் வேண்டும். பெரிய விமான நிலையங்கள் சிலவற்றில் 'டெட்ரா' என்ற முறை இருக்கிறது. எல்லாப் பிரிவும் ஒரே வலையில், தேவைப்பட்டால் ஒரே குழுவாகப் பேசலாம். அதுவும் பெரும்பாலும் சுவருக்கு உள்ளேதான்.

கேட்க வேண்டியதை கேட்போம்

சர்வதேச விதிப்படி விமான நிலையங்களில் 2 வருடத்துக்கு ஒரு முறையாவது முழு அளவில் அவசர ஒத்திகை நடத்தியே ஆக வேண்டும். திருச்சியிலும் ஒத்திகை நடக்கிறது. தீயணைப்பு வண்டி ஊளையிடும், ஸ்ட்ரெச்சரில் ஆள் போகும், போட்டோ வரும். நல்லதுதான். ஆனால் விமானம் விழுவது எப்போதும் ஓடுபாதையில் இல்லை என்பதை அம்மாச்சத்திரம் காட்டிவிட்டது. அடுத்த ஒத்திகையை மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கம், கீரனூர் தாண்டி ஒரு பொட்டலில் வைத்துப் பார்க்கலாமே? செல்போனை எல்லாம் அணைத்து வைத்துவிட்டு, வயர்லெஸ் மட்டும் வைத்து நடத்த வேண்டும். யார் யாரோடு பேச முடியவில்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துபோகும்.

'கலெக்டர் ஆபீசுக்கும் விமான நிலையத்துக்கும் போன் இருக்கே, போதாதா?' என்று அதிகாரிகள் கேட்கலாம். சாதாரண நாளில் போதும். அக்டோபர், நவம்பரில் போதாது. மேலே சொன்ன நாலு தேதியைப் பாருங்கள், அம்மாச்சத்திரம், சார்ஜா விமானம், ஆண்டெனா, கஜா, நாலும் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் வருகிறது. தற்செயல்தான். ஆனாலும் நம்ம ஊரில் புயலும் மழையும் அந்த மாதங்களில்தானே?

இதற்கு கோடிக்கணக்கில் செலவு ஆகாது. திருச்சி ரோட்டில் இருக்கும் கீரனூர், விராலிமலை பக்கத்து தீயணைப்பு, போலீஸ் நிலையங்களுக்கு விமான நிலைய மீட்புப் பிரிவோடு பேசும் ஒரு பொது அலைவரிசை, அதற்கு நாலைந்து வாக்கி-டாக்கி, குன்று மேல் ஒரு ரிப்பீட்டர். அலைவரிசை அனுமதி மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு தர வேண்டும். கேட்டால்தானே கிடைக்கும்? நம்ம எம்.பி.க்கள், எம்.எல்.ஏ.க்கள் புது விமானம் விடச் சொல்லி மனு கொடுக்கிறார்கள். இதையும் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கலாம்.

அதுவரை ரோட்டில் போகிற நாம்தான் முதல் தகவல் கொடுப்பவர்கள். இன்னொரு முறை விமானம் எதுவும் வயலிலோ ரோட்டிலோ இறங்கினால் 112-க்கு போன் போட்டு, ஊர் பெயர், பக்கத்தில் இருக்கும் கோவில், மைல்கல் நம்பர், உள்ளே எத்தனை பேர் தெரிகிறார்கள் என்று சொல்ல வேண்டும். பெட்ரோல் ஒழுகும், பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது. காற்றாடியில் கை வைக்கக் கூடாது. ஆரஞ்சு கலரில் பெட்டி எதுவும் விழுந்து கிடந்தால் எடுத்துப் பார்க்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும். செல்பியை ஆம்புலன்ஸ் போன பிறகு எடுத்துக்கொள்ளலாம்.